சீம்பாலில் கலக்கிய எக்நாக்

புதூர்நாடு,
மார்கழி 18

பேத்தி நீலாவதிக்கு ஆயா எழுதுவது. கோவாவில் நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். எனக்கு முழங்காலைத் தவிர குறையில்லை. போனில் பேசினால் நமக்குள் சண்டையாகிவிடுகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய பார்சலை ஜீப்காரன் சந்திரன் கொடுத்தான். பிராந்தி, சாதிக்காய், செய்முறைச் சீட்டு எல்லாம் பத்திரமாக வந்தன. பண்டிகைக்கு உன் ஓட்டல் பாரில் நீயே கலக்குகிற எக்நாக் என்ற முட்டைப் பாலை ஆயாவும் குடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பொங்கலுக்கு லீவு இல்லை என்பதை மட்டும் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாய்.

முட்டையின் மஞ்சளையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்தேன். கெட்டி கிரீம் என்று போட்டிருந்தது. மலையில் கிரீமுக்கு எங்கே போவேன்? நம் செவலைப் பசு அதற்கு முந்தின நாள்தான் கன்று போட்டிருந்தது. சீம்பாலைவிடக் கெட்டி உண்டா என்று அதையே ஊற்றி அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மொத்தமும் இறுகிப்போனது. சீம்பால் சூட்டில் உறையும் என்று எனக்குத் தெரியாதா? சீட்டைப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் புத்தி போய்விட்டது. பக்கத்து வூட்டு மங்கம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னா பெரிம்மா, குடிக்கிறதையும் அறுத்துத் துண்ணச் சொல்றாளா உன் பேத்தி?" என்று சிரித்தாள். தன் மகள் கல்யாணத்தில் என்னைக் கடைசிப் பந்தியில் உட்காரவைத்தவள். இந்தத் தடவை சீம்பாலை எல்லா வூட்டுக்கும் கொடுத்தேன், அவளுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

சீம்பால் தெளிந்து நல்ல பாலாக ஒரு வாரம் ஆனது. நேற்று மறுபடி செய்தேன். ஆறவைத்து, பிராந்தி விட்டு, மேலே சாதிக்காய் உரசினேன். நன்றாகத்தான் வந்தது. இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டேன். உன் டம்ளர் அப்படியே ஆடை கட்டிக்கொண்டு இருந்தது. கடைசியில் கூப்பிட்டு மங்கம்மாளுக்குக் கொடுத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்?

யார் என்ன சொன்னார்கள் என்று நாள் கிழமையோடு சொல்வேன். மூன்று வருஷத்துக்கு முன்னால், மாட்டுப் பொங்கலன்று, உன் மாமன் சுப்பிரமணி எதிரில், குடிகாரனுக்கு ஊற்றிக் கொடுப்பதெல்லாம் ஒரு பொழைப்பா என்று கேட்டது நான்தான். அதையும் மறக்கவில்லை. நீயும் மறந்திருக்க மாட்டாய், என் பேத்திதானே.

பாட்டிலில் பாதி இருக்கிறது. மூடி வைத்திருக்கிறேன். செவலை கறவையில்தான் இருக்கும், மாசி வரைக்கும் குளிரும் போகாது. லீவு எப்போது கிடைத்தாலும் வா. வந்து, உன் கையால் எனக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடு.

எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்கணும்.

உன் ஆயா,
குப்பம்மாள்