உன் பேச்சுப் பக்கத்தில் அம்மா எழுதுவது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கித்தான் என் கைக்குப் பழக்கம். இந்த முறை அந்த வரியை எழுத மனசு வரவில்லை. இங்கே நானும் நலமில்லை, உன் அப்பாவும் நலமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பது தெரியவில்லை. அது ஒன்று தெரிந்தால் போதும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உன் பெயரை நான் எங்கும் போடவில்லை. விக்கிப்பீடியாவில் எழுதுவதை உலகமே படிக்கும், அழித்தாலும் பழையது அந்தப் பக்கத்தின் வரலாற்றில் இருந்துகொண்டே இருக்கும், அதனால் பெயர், தெரு, போன் நம்பர் எதையும் எழுதக் கூடாது என்று இந்துமதி படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். நீயும் அவளும் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்தபோது நீயும் இதையேதான் சொல்லிக் கொடுத்திருப்பாய். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஞாயிறானால் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போகிறான், யார் யாருக்கோ கட்டுரை எழுதச் சொல்லிக் கொடுக்கிறான், ஆறிப்போன சோற்றைத் தின்ன மூன்று மணிக்கு வருகிறான் என்பதோடு சரி.

அந்த நாளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டிங் மாஸ்டர் வரவில்லை, ஷிப்மென்ட் மறுநாள் போயாக வேண்டும், சூப்பர்வைசராக இருந்த நீ ஹெல்பர் ஜோதிகாவைத் துணி வெட்டுகிற மெஷினில் நிறுத்தினாய். இரும்புக் கையுறை மாஸ்டருடைய பெட்டியில் பூட்டிக் கிடந்தது. அவளுடைய இடது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினவனும் நீதான். மாத்திரை வாங்கி வருகிறேன் என்று அவள் அம்மா சீனியம்மாளிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினாய். அதோடு உன் போன் அணைந்துவிட்டது. போலீசில் எழுதிக் கொடுத்தோம். வயசுப் பையன், மனசு ஆறினால் தானாக வருவான் என்றார்கள். மனசு ஆற எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்கள் சொல்லவில்லை.

நானும் பனியன் கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். பிசிறு வெட்ட உட்கார்ந்தால் கத்தரிக்கோல் துணியையும் சேர்த்து வெட்டுகிறது. அப்படி ஒருநாள் வாசலில் கிடந்தபோதுதான் இந்துமதி வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே ஓடி வந்தாள். "அம்மா, அழுவாதீங்க. அவரு உசுரோட இருக்காருங்க. நேத்து மத்தியானங்கூட விக்கில எழுதியிருக்காருங்க" என்றாள். போனில் உன் கணக்கைத் திறந்து, பங்களிப்புகள் என்று ஒரு பக்கத்தைக் காட்டினாள். நீ எதைத் தொட்டாய், எந்த நேரத்தில் தொட்டாய் என்று வரிசையாக இருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் உனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று ஓடி வந்துவிட்டார்கள்.

எங்கிருந்து எழுதுகிறான் என்று கேட்டேன். கணக்கில் எழுதுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பது தெரியாதாம், நேரம் மட்டும்தான் தெரியுமாம். உன் அப்பாவுக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. நீ தாராபுரம் கட்டுரையைத் திருத்தியிருந்தாய். அவர் அங்கேதான் இருப்பான் என்று உன் போட்டோவை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். பஸ் ஸ்டாண்டிலும் அமராவதிக் கரையிலும் பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டியிருக்கிறார். திரும்பி வரும்போது செருப்பு அறுந்திருந்தது. அடுத்த வாரம் நீ அண்டார்டிகாவைத் திருத்தினாய். அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது.

அதற்கப்புறம் காலையில் டீ வைப்பதற்கு முன்னால் உன் பக்கத்தைப் பார்ப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. உன் அப்பா உன் பேச்சை எடுக்க மாட்டார். ஆனால் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டு, ஏதாவது வந்திருக்கிறதா என்று மட்டும் கேட்பார். ஏழு மணிக்கு நீ ஒரு காற்புள்ளியைத் திருத்தியிருந்தால், எழுந்துவிட்டான், பல் விளக்கியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். மத்தியானம் இடைவிடாமல் எழுதியிருந்தால், சோறு தின்னாமல் உட்கார்ந்திருக்கிறானே என்று திட்டுவேன். ஒரு வாரம் முழுக்கத் தவளைகளைப் பற்றி எழுதினாயே, அப்போது சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசில் தண்ணீர்த் தொட்டியில் தவளையைப் பார்த்தால் நீ போடுகிற சத்தத்தில் வீதியே கூடிவிடும்.

பார்த்துக்கொண்டே இருந்தால் ஆசை அடங்குமா? எனக்கும் எழுதச் சொல்லிக் கொடு என்று இந்துமதியிடம் கேட்டேன். நீ போனதிலிருந்து நின்று கிடந்த வகுப்பை எனக்காக அவள் மறுபடி தொடங்கினாள். நான், ஓவர்லாக் தைக்கிற நாகஜோதி, காலேஜ் படிக்கிற இரண்டு பிள்ளைகள், அப்புறம் ஜோதிகா. ஆமாம், ஜோதிகாதான். அவளைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

இந்துமதி பொறுமைசாலி. கணக்கு எப்படித் தொடங்குவது, மணல்தொட்டி என்கிற பயிற்சிப் பக்கத்தில் எப்படிப் பழகுவது, எதை எழுதினாலும் சான்று எப்படிக் கொடுப்பது என்று எல்லாவற்றையும் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். கணக்குக்கு ஒரு பெயர் வைக்கச் சொன்னபோது பிசிறுக்காரம்மா என்று வைத்துக்கொண்டேன். முதல் நாள் ஒரு கட்டுரையைக் கொடுத்து, இதில் சரி செய்ய வேண்டியதைச் சரி செய்யுங்கள் என்றாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து அரை மணி நேரத்தில் சுத்தமாக்கிக் கொடுத்தேன். பார்த்தவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் பொடிப்பொடியாக எண்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன. இத்தனை வருஷம் பனியனில் நீட்டிக்கொண்டிருக்கிற நூலையெல்லாம் வெட்டின கை, சும்மா இருக்குமா? ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டேன். அதெல்லாம் சான்றுகளாம். அதுதான் கட்டுரைக்கு உயிராம். நாகஜோதிக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துவிட்டது. மீளமை என்ற ஒன்றை அழுத்தி எல்லாவற்றையும் பழையபடி கொண்டுவரவும் அன்றைக்கே கற்றுக்கொண்டேன்.

இனி எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. ஆடிக்கிருத்திகை அன்று உன் அப்பா சிவன்மலைக்குப் போயிருந்தார். நான் வகுப்புக்குப் போனேன். அந்த வாரம் நீ தினமும் குன்னத்தூர்க் கட்டுரையில்தான் இருந்தாய். காலையிலும் வந்திருந்தாய். இப்போது எழுதினால் கண்டிப்பாகப் பார்ப்பான் என்று என் புத்திக்குத் தோன்றிவிட்டது. உனக்குச் செய்தி எழுதிப் போட உனக்கென்று ஒரு பேச்சுப் பக்கம் இருப்பதை இந்துமதி அப்போது இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் அவளிடம் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையில் வாரச்சந்தையைப் பற்றி இருந்த பத்திக்கு நடுவிலேயே எழுதிவிட்டேன். கண்ணு, அம்மா எழுதுகிறேன், சாப்பிட்டாயா, எங்கே இருக்கிறாய், வீட்டுக்கு வந்துவிடு சாமி. இவ்வளவுதான் எழுதினேன்.

கொஞ்ச நேரத்தில் அதைக் காணோம். வரலாற்றைத் திறந்து பார்த்தால், நீக்கியது நீ. உன் கணக்கின் பெயர் இருந்தது. கட்டுரைக்குத் தொடர்பில்லாத செய்தி என்று காரணம் எழுதியிருந்தாய். எனக்கு அந்த நேரம் கோபமே வரவில்லை. என் பிள்ளை பார்த்துவிட்டான், நான் எழுதினதைப் படித்துவிட்டான் என்று எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். நாகஜோதியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். இந்துமதி மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அதுதான் உன் கடைசி எழுத்து. மறுநாள் இல்லை, அடுத்த வாரமும் இல்லை. ஆடி போய், ஆவணியும் புரட்டாசியும் போய், இப்போது தீபாவளி ஆர்டருக்கு ஊரே இரண்டு ஷிப்ட் ஓடுகிறது. உன் பக்கம் மட்டும் அப்படியே கிடக்கிறது. அவர் பயந்துபோய் வேறு கணக்கு தொடங்கியிருப்பார் என்று இந்துமதி சொல்கிறாள். அவள் சொல்வதை நம்பத்தான் பார்க்கிறேன். நீ ஒளிந்திருந்த இடத்தில் ஒரு சன்னல் திறந்து கிடந்தது. தூரத்தில் நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா? கையை உள்ளே விட்டு, நானே அதை மூட வைத்துவிட்டேன்.

போன மாதம் வெள்ளகோவிலில் இருந்து போன் வந்தது. வாய்க்காலில் ஒரு உடல் ஒதுங்கியிருக்கிறது, வயசு ஒத்துப்போகிறது, வந்து பாருங்கள் என்றார்கள். என்னை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு உன் அப்பா தனியாகப் போனார். நான் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். அவர் வந்து வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "நம்ம பையன் இல்ல புள்ள" என்றார். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தார். யாரோ பெற்ற பிள்ளை செத்துக் கிடந்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன். இப்படிப்பட்ட பொம்பளையாக நான் ஆகிவிட்டேன் கண்ணு. எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு முறை அப்படி ஒரு போன் வந்தால் உன் அப்பா தாங்க மாட்டார்.

ஜோதிகாவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா. அவள் இப்போது அதே கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறாள். வகுப்பில் இடது கையைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு கையால் தட்டுகிறாள். எங்கள் எல்லாரையும்விட வேகம். முதல் நாள் அவளைப் பார்த்ததும் எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. அவள்தான் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இந்தக் கடிதத்தை எழுதப்போகிறேன் என்றதும், தன் பெயரைப் போட்டே எழுதச் சொன்னாள், மற்றவர்களும் அப்படியே சொல்லிவிட்டார்கள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்குக் கோவம் இருக்கத்தான் செய்யுது. அதுக்காக அண்ணன் காணாமப் போனா என் வெரலு மொளச்சிருமா? வந்து என் மூஞ்சியப் பாத்துப் பேசச் சொல்லுங்கம்மா. திட்டணும்னாலும் ஆளு எதுக்க நிக்கணும்ல."

அவள் மன்னித்துவிட்டாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உன்னைத் திட்டுவதற்கு ஒருத்தி காத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். அதை உன் காதில் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

நீ வந்துதான் ஆக வேண்டும் என்று இப்போது கேட்கவில்லை. எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். போன் பண்ண வேண்டாம். வேறு கணக்கில் எழுதிக்கொண்டிருந்தால் எழுது, நான் தேடி வரமாட்டேன், இந்துமதியையும் தேடச் சொல்ல மாட்டேன். முருகன் மேல் ஆணை. ஒரே ஒரு தடவை இந்தக் கணக்கில் உள்ளே வா. வந்தால் மேலே மணிப் படத்துக்குப் பக்கத்தில், உனக்குச் செய்தி வந்திருக்கிறது என்று சிவப்பாக ஒன்று என்ற எண்ணைக் காட்டுமாம். அது நான்தான்.

படித்தால் படி, படிக்காவிட்டாலும் போ. பதில் வேண்டாம். இந்தக் கடிதத்தை அழித்துவிடு. தொடர்பில்லாத செய்தி என்றே காரணம் எழுதிக்கொள், எனக்கு வருத்தமில்லை. வேறு யார் அழித்தாலும் அவர்கள் பெயர்தான் வரலாற்றில் வரும். உன் பெயர் வந்தால், அன்றைக்கு உனக்குக் கை இருந்தது, கண் இருந்தது, மூச்சு இருந்தது என்று நான் தெரிந்துகொள்வேன். உன் அப்பாவை எழுப்பிச் சொல்வேன்.

முருகன் உன்னை நோகாமல் வைத்திருக்கட்டும். மழைக்காலம், ஈரத்தில் படுக்காதே. வேளைக்கு ஒரு வாய் சாப்பிடு. தினமும் காலையில் வந்து பார்ப்பேன். கடிதம் அப்படியே இருந்தால் அன்றைக்கு நான் எப்படி இருப்பேன் என்று உனக்கே தெரியும். அம்மா எழுதினதை அம்மா கண் முன்னால் இல்லாமல் பண்ணிவிடு சாமி.

இப்படிக்கு,
உன் அம்மா