பதில் சொல்ல ஆளில்லாத காசு

சித்தப்பா,

முதலில் கரண்டிகளின் சத்தம்தான் கேட்டது. குசினி மேசை லாச்சிக்குள் அவை ஒன்றோடொன்று உரசி, குளிரில் பல் அடிப்பதுபோல மெல்ல நடுங்கின. வீட்டுக்குப் பின்னால் சாமான் ரயில் போகும்போதும் அப்படித்தான் நடுங்கும். ஆனால் இன்று ஞாயிற்றுக்கிழமை, ரயில் எதுவும் போகவில்லை. அடித்தது உங்களுடைய போன்.

அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "விடு பிள்ளை, அடிச்சு ஓயட்டும்," என்றார். "நாளையோட லைனை வெட்டச் சொல்லியாச்சு."

லாச்சியைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். திரையில் 'ஓல்டன் அக்கா' என்று இருந்தது. ஆட்களை ஊர்ப் பெயர் சேர்த்துத்தான் நீங்கள் பதிந்து வைப்பீர்கள். ஓல்டனில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிற அந்த அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நேரத்துக்குத்தான் உங்களுக்குப் போன் எடுப்பார். நீங்கள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். உங்களுடைய செத்தவீட்டில் கடைசி வரிசையில் நின்றவர் அவர். தெரிந்தும் எடுக்கிறார். கொஞ்ச நேரம் அடிக்கவிட்டு வைத்துவிடுவார்.

மாதக்கணக்காக லாச்சிக்குள் கிடக்கிற போன் எப்படி இன்னும் அடிக்கிறது என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை. நான்தான் சார்ஜ் ஏற்றி வைக்கிறேன்.

நீங்கள் எங்கள் வீட்டுச் சோபாவுக்கு வந்தபோது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். சுவிஸில் இருக்கப் பெர்மிற் கிடைக்கும்வரைதான் என்று அப்பா சொன்னார். பெர்மிற் கிடைத்த பிறகும் நீங்கள் போகவில்லை, போகச் சொல்ல எங்களுக்கும் மனம் வரவில்லை. ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை முடிந்து படியேறி வரும்போது உங்களுக்கு முன்னால் ஒரு மணம் வரும், கைக்குப் பூசுகிற அந்தத் தொற்றுநீக்கியின் மணம். இப்போது நான் துணி மடிக்கிற முதியோர் இல்லத்திலும் கதவுக்குக் கதவு அந்தப் போத்தல் தொங்குகிறது. யாராவது அதை அமுக்கும்போது இன்னும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன்.

நான் கதைக்காத பிள்ளை என்பது நாங்கள் இருக்கிற ஓஸ்டர்முண்டிகன் முழுக்கத் தெரிந்த விஷயம். உங்களோடு மட்டும் கொஞ்சம் கதைப்பேன். நீங்கள் பதிலை எதிர்பார்த்துக்கொண்டு முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால்தான் என்று நினைக்கிறேன். பத்தாம் வகுப்பில் வேலை பழகுவதற்கு நாங்களே இடம் தேட வேண்டும். நாங்களே கம்பெனிகளுக்குப் போன் எடுத்து, எங்கள் பெயரைச் சொல்லி, ஒரு வாரம் வந்து பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். எல்லோரும் எடுத்தார்கள். நான் நம்பரை அழுத்துவேன், மறுபக்கத்தில் ஒரு குரல் வந்ததும் என் பெயர்கூட வாயில் வராது, வைத்துவிடுவேன்.

ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எதிர்க் கதிரையில் வந்து உட்கார்ந்தீர்கள். "எனக்கு எடு," என்றீர்கள். எடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உங்கள் போன் அடித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவிஸ்காரர் வணக்கம் சொல்கிற மாதிரி, "க்ருயெசெக், இஞ்ச முதலாளி கதைக்கிறன். பிள்ளைக்கு என்ன வேணும்?" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வார்த்தை வரவில்லை. அன்றைக்கு என் பெயரை உங்கள் போனில் 'முதலாளி' என்று மாற்றி வைத்தீர்கள். இன்னும் அப்படித்தான் இருக்கிறது. நான் அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அப்பா பல நாள் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவே இல்லை.

எல்லாவற்றுக்கும் பிந்தி வந்தவன் என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். அப்பா வந்த காலத்தில் வந்தவர்களுக்கு எப்படியோ பெர்மிற் கிடைத்தது. நீங்கள் வந்தபோது கதவு ஒடுங்கியிருந்தது. பிட்கொயினும் அப்படித்தான். உங்களோடு வேலை செய்த சுவிஸ்காரப் பெடியன் ஒருவன் அது மலிவாக இருந்த நாளில் வாங்கி வைத்திருந்தான். உங்கள் காதில் விழுந்தபோது விலை எங்கேயோ போயிருந்தது. துண்டாகவும் வாங்கலாம் சித்தப்பா என்று நான் சொன்னேன். "இதென்ன கேக்கோ, துண்டு துண்டா வாங்க?" என்றீர்கள்.

அப்படி இருந்த நேரத்தில்தான் வில் என்கிற ஊரில் இருந்து அந்த மனிதர் வந்தார். நம்மட ஆள், நல்ல கோட், நல்ல தமிழ். எங்கள் சோபாவில் இருந்துகொண்டு மடிக்கணினியில் படம் படமாகக் காட்டினார். பிட்கொயின் கிழடாகிவிட்டதாம், மெதுவாம், கரண்ட் குடிக்குதாம். அதற்குப் போட்டியாக இப்போது ஒரு புதுக் காசு வந்திருக்கிறதாம். கம்பெனிக்கு ஏரிக்கரையில் கந்தோர் இருக்கிறதாம். கம்பெனித் தலைவர் சிரித்துக்கொண்டு நிற்கிற படமும் இருந்தது. அவர் போன பிறகு அம்மா தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டே, "வில் எண்டு பேர் வச்ச ஊரில இருந்து ஆர் வந்தாலும் விக்கத்தான் வருவினம், தம்பி," என்றார். எல்லோரையும்விடக் கூடச் சிரித்தது நீங்கள்தான்.

ஆனால் உங்களுக்குள் அது இறங்கிவிட்டது. அன்றிரவுச் சாப்பாட்டில் நீங்கள் சொன்ன காரணம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

"பிட்கொயினை ஆர் செய்தது எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாதாம். செய்தவன் பேரையும் மறைச்சுக்கொண்டு ஆளே இல்லாமல் போயிட்டானாம். ஒரு பிரச்சினை எண்டா ஆரைப் போய்க் கேக்கிறது? இதில கேக்கிறதுக்கு ஆள் இருக்கு."

நீங்கள் சீட்டை மனதில் வைத்துத்தான் அப்படிச் சொன்னீர்கள். எங்கள் சனம் சீட்டுக் கட்டும்போது யாரும் எழுதிக் கையெழுத்து வாங்குவதில்லை. மாதம் மாதம் எல்லோரும் போடுவார்கள், முறைக்கு ஒருவர் எடுப்பார். நடுவில் யாராவது விட்டுவிட்டு ஓடினால் சீட்டுப் பிடிக்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும். சனம் நம்புவது காசை அல்ல, பிடிக்கிற ஆளை. உலகம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் நினைத்தீர்கள். முகமில்லாத காசை முகமுள்ள காசு ஒருநாள் வெல்லும் என்று நம்பினீர்கள்.

அன்றைக்கு நானும் கதைத்தேன். அம்மாவுக்கு எங்கள் ஊர்ச்சங்கத்து வாட்ஸ்அப் குறூப் பிடிக்காது, ஒவ்வொரு நாளும் திட்டுவார், ஆனால் விலக மாட்டார். ஏனென்றால் எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். அதைவிடத் திறமான குறூப் ஒன்றை யாரோ தொடங்கினார்கள், அதில் மூன்று நான்கு பேர் இருந்து ஒருவருக்கொருவர் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "பிட்கொயினும் அப்பிடித்தான் சித்தப்பா," என்றேன். "எல்லாரும் இருக்கிற இடத்திலதான் எல்லாரும் இருப்பினம்."

அம்மா தன் தாலிக்கொடியை இரண்டு விரலால் தூக்கிக் காட்டி, பிட்கொயினுக்குத் தனக்குத் தெரிந்த ஒரே போட்டி இதுதான் என்றார். நீங்கள் என்னைப் பார்த்துத் தலையாட்டி, "முதலாளி கதைச்சிட்டா," என்றீர்கள். பிறகு அந்தப் புதுக் காசை வாங்கினீர்கள்.

நீங்கள் மட்டும் வாங்கியிருந்தால் இந்த மடல் வேறு மாதிரி இருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை வில்காரரின் ஆட்கள் மண்டபம் எடுத்து எங்கள் சனத்துக்குக் கூட்டம் வைத்தார்கள். ரோல்ஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். வில்காரர் ஜெர்மனும் ஆங்கிலமும் கலந்து விளக்கியது பின்வரிசைக்கு ஏறவில்லை. அப்போது நீங்கள் எழும்பித் தமிழில் சொன்னீர்கள். கொயின், டோக்கன் என்று அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போட்டீர்கள்: நாணயம். எனக்குப் பக்கத்தில் ஓல்டன் அக்கா இருந்தார். தன் பக்கத்தில் இருந்தவரிடம், "தம்பி நாணயமான பிள்ளை, அவர் சொன்னாச் சரி," என்றார். அந்த ஒரு சொல்லுக்குள் காசும் நேர்மையும் சேர்ந்து கிடப்பது அன்றைக்கு எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. அவர்கள் அந்தக் காசை வாங்கவில்லை சித்தப்பா. உங்களைத்தான் வாங்கினார்கள். ஓல்டன் அக்கா போட்டது, அவர் எடுத்த சீட்டுக் காசு முழுவதும்.

அது விழுந்த கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் விற்க முடியாமல் போனது. பிறகு ஏரிக்கரைக் கந்தோரின் போனில் இசை மட்டும் ஓடியது, பிறகு அதுவும் நின்றது. வில்காரரின் நம்பர் பாவனையில் இல்லை என்று ஒரு ஜெர்மன் பெண்குரல் சொன்னது. அதே நாட்களில் பிட்கொயினும் பாதாளத்துக்குப் போனது. உங்கள் வேலையிடத்துப் பெடியன் என்ன செய்கிறான் என்று நான் கேட்டேன். "தோளைக் குலுக்கிறான், கோப்பி குடிக்கிறான்," என்றீர்கள். அவன் போன் எடுத்துக் கேட்க ஆளில்லை, அவனுக்குப் போன் எடுத்துக் கேட்கவும் ஆளில்லை. பிறகு அவனுடையது திரும்ப ஏறியது. உங்களுடையது ஏறவில்லை.

நிறையக் காசுகள் இன்னும் வருகின்றன. நான் வேலைக்குப் போகிற பஸ்ஸில் வாசிக்கிறேன். சில காசுகள் உண்மையிலேயே வேறு வேலைக்கு உதவுகின்றன. ஒன்றின்மேல் ஆட்கள் செயலிகள் கட்டுகிறார்கள், சில டொலரோடு கட்டிப்போட்டபடி அசையாமல் நிற்கின்றன. அவை பிட்கொயினின் கதிரைக்குப் போட்டி போடவில்லை, தங்களுக்கென்று வேறு கதிரை போட்டுக்கொண்டு இருக்கின்றன. பிட்கொயினின் கதிரையைக் குறிவைத்து வந்தவற்றில் ஒன்றாவது கிட்டப் போனதாக எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு ஒன்று வரலாம், எனக்கென்ன தெரியும். ஆனால் நீங்கள் அதன் குறையென்று சொன்னதுதான் அதன் பலம் என்று இப்போது நினைக்கிறேன். பிடித்துக்கொண்டுபோக அதில் ஆளில்லை. ஓடிப்போகவும் ஆளில்லை. வெட்கப்படவும், நெஞ்சு வலிக்கவும் அங்கே யாரும் இல்லை. அப்படியான ஒன்றோடு, பதில் சொல்ல மனிதர் வேண்டியிருக்கிற ஒன்று எப்படிப் போட்டி போடும்?

கந்தோர் இல்லை, தலைவர் இல்லை, வில்காரர் இல்லை. மிஞ்சிய முகம் உங்களுடையது. வேலையிலும் சாப்பாட்டிலும் நித்திரையிலும் போன் அடித்தது. ஒருவர் உங்கள் செத்துப்போன தாயை இழுத்துப் பேசினார், சோபாவில் இருந்த எனக்கே கேட்டது. நீங்கள், "ஓம் அண்ணை. ஓம். நான்தான் சொன்னனான். ஓம்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். ஒரு நாளும் ஒரு அழைப்பையும் விடவில்லை. குளிக்கும்போது அடித்தால் ஈரத்தோடு ஓடி வருவீர்கள்.

நம்பரை மாற்றச் சொல்லி அப்பா கத்தினார். அம்மா கெஞ்சினார். ஒரு நாள் அம்மா போனைப் பறித்து இதே லாச்சிக்குள் போட்டு மூடினார். நீங்கள் எழும்பி வந்து, அம்மாவைத் தள்ளாமல், பக்கத்தில் நின்று காத்திருந்தீர்கள்.

"அண்ணி, இதை நிப்பாட்டினா நானும் வில்காரனும் ஒண்டு. காசை என்னால குடுக்க ஏலாது. போனையாவது எடுக்கலாம்தானே."

அம்மா விலகி நின்றார்.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்தீர்கள், காலை வேலை தொடங்கிய கையோடு. டாக்டர்கள் ஓடி வந்தார்களாம், எல்லாம் செய்து பார்த்தார்களாம். உங்கள் சாமான்களை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பைக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது. அப்பா அதைக் கேட்டபடி பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார், எடுக்கவில்லை.

செத்தவீட்டுக்கு மண்டபத்தில் போட்ட கதிரைகளில் முக்கால்வாசி வெறுமை. கூட்டத்தில் ரோல்ஸ் சாப்பிட்டவர்களில் வந்தது சிலபேர்தான். வெளியே குளிரில் நின்றவர்கள் கதைத்தது கதவு வழியாகக் கேட்டது. இனி ஆரைப் போய்க் கேக்கிறது என்று ஒருவர் சொல்ல, மற்றவர், சுகமாகத் தப்பிவிட்டான் என்றார். ஓல்டன் அக்கா என் கையைப் பிடித்தார், விட்டார், ரயிலுக்குப் போய்விட்டார்.

அவர் ஏன் இன்னும் எடுக்கிறார் என்று எனக்குத் தெரியாது. காசைக் கேட்கவா, திட்டவா, உங்கள் நம்பர் அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டிருக்க மட்டுமா. நாளைக்கு லைன் வெட்டுப்பட்டால், அந்தக் காசைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு ஜெர்மன் பெண்குரல், இந்த நம்பர் பாவனையில் இல்லை என்று சொல்லும். வில்காரருக்குச் சொன்ன அதே வார்த்தைகளை உங்களுக்கும் சொல்லும். அதன்பிறகு நீங்களும் அவரும் ஒன்றுதான். இவ்வளவு நாளும் நான் அதற்குச் சார்ஜ் மட்டும்தான் ஏற்றினேன்.

இந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்டிகள் மறுபடியும் நடுங்கின. அவர் ஒரு நாளும் இரண்டாம் தரம் எடுத்ததில்லை. அம்மா கத்தியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பேனாவை வைத்துவிட்டு எழும்பிப் போனேன். லாச்சியை முழுவதும் இழுத்தேன். எடுத்து, "ஓம் அக்கா, சொல்லுங்கோ," என்றேன்.