பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தை

அன்பு மகளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம், அவருக்கு முழங்கால் வலி மட்டும் மாடிப்படி ஏறும்போது வந்து இறங்கும்போது போய்விடுகிறது, அதனால் அதை வலி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் சௌக்கியத்தைக் கேட்கலாம் என்று உட்கார்ந்தால், நீ நலமா என்று எழுதுவதா நீங்கள் எல்லாரும் நலமா என்று எழுதுவதா தெரியாமல் பேனா அரைமணி நேரம் நின்றுவிட்டது. ஏன் என்று உனக்குத் தெரியும். எனக்கு எவ்வளவு தெரிந்துவிட்டது என்பதுதான் உனக்குத் தெரியாது.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது பின்னால் ஒரு குழந்தை "மாமா, மாமா" என்று கத்தியது, ஒரு ஆண்குரல் பதில் சொன்னது, அப்புறம் அதே குழந்தை உன் பக்கத்திலேயே வந்து "தெதா" என்றது, நீ சட்டென்று போனைக் கையால் பொத்தினாய். யாரடி அது என்றதற்கு, "பக்கத்து வீட்டு மலாய்க் குழந்தைம்மா, விளையாட வந்திருக்கு" என்றாய். ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷமாகக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், லைன் தானாக அடைப்பது எப்படி, கை அடைப்பது எப்படி என்று எனக்குத் தெரியாதா. அந்த இரண்டு சொல்லையும் சீட்டில் எழுதி மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். மூன்றாவது வார்டு நர்ஸ் மலாய் பேசுகிற ஊரில் நாலு வருஷம் வேலை பார்த்தவள், அவளிடம் காட்டினேன். "மாமான்னு அங்க சில பிள்ளைங்க அம்மாவைக் கூப்பிடும்கா, ஆம்பளைய யாரு கூப்பிடுவா? தெதான்னு நான் கேட்டதே இல்லையே" என்று சொல்லி, என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதையும் நான் நம்பவில்லை. நூலகத்துக்குப் போய் மலாய்ப் புத்தகம் கேட்டேன். "ஒண்ணுதான் இருக்கு, அதுலயும் பாதி ஜார்ஜிய மொழி" என்று நூலகர் ஒரு மெல்லிய புத்தகத்தைத் தூசு தட்டிக் கொடுத்தார். இரண்டு மொழியையும் அக்கம்பக்கம் நிறுத்திவைத்து ஒப்பிட்டுச் சொல்கிற புத்தகம், ஆர்வம் உள்ளவர்களுக்காம். இது என்ன ஜோடிப் பொருத்தம் என்று அதன் மேலேயே எனக்குச் சந்தேகம். நின்ற இடத்திலேயே உறவுமுறைப் பக்கத்தைத் திருப்பினேன். மலாயில் அம்மா இபு, அப்பா ஆயா. எதிர்ப் பத்தியில் ஜார்ஜிய மொழி. அதில் அப்பாவுக்குப் பெயர் மாமா. அம்மாவுக்குப் பெயர் தெதா. நீ இங்கிருந்து வெளிநாடு போய் இரண்டரை வருஷம், அந்தக் குரலுக்கு எப்படியும் நாலு வயது இருக்கும். யார் பெற்ற குழந்தை உன்னை அம்மா என்று கூப்பிடுகிறது?

புத்தகத்தை இஸ்திரித் துணிக்கு அடியில் ஒளித்து வைத்து, பகலில் எடுத்துப்போய் அழைப்புக்கு அழைப்பு நடுவே படித்தேன். மலாய் நேரான மொழியாகத்தான் தெரிந்தது, ஒருமையை இரண்டு தடவை சொன்னால் பன்மை, புடாக் என்றால் குழந்தை, புடாக்-புடாக் என்றால் குழந்தைகள், நேற்று போனாலும் நாளை போனாலும் வினைச்சொல் உருமாறாது. ஜார்ஜிய மொழி அழுத்தமான ஆசாமி. முப்பத்து மூன்று எழுத்து, எல்லாம் கொக்கி கொக்கியாக, நடுவில் உயிரே இல்லாமல் நாலைந்து மெய்யெழுத்து வரிசையாக முட்டிக்கொண்டு நிற்கிறது, சொல்லிப் பார்த்தால் உன் அப்பா இருமல் மருந்தை எடுத்துக்கொண்டு வருகிறார். அவனா அவளா என்று இரண்டு மொழியுமே சொல்வதில்லை, ஒரே சொல்தான், மறைத்துப் பேச வசதி. ஆனால் மலாயில் நம்மைப் போலவே நாம் வேறு, நாங்கள் வேறு, கித்தா என்றும் காமி என்றும் இரண்டு சொல். ஜார்ஜிய மொழியில் இரண்டுக்கும் ஒன்றுதான். அந்தப் பக்கத்தில்தான் எனக்கு உறைத்தது. ஆறு மாதமாக நீ போனில் "நாங்க சாப்பிட்டாச்சு", "நாங்க வெளிய போறோம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாய். கூடத் தங்கியிருக்கிற பெண் என்று நினைத்துக்கொண்டேன். நான் இல்லாத ஒரு நாங்கள் உனக்கு வந்துவிட்டது, அதைச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பகலில், நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து உன் வீட்டுக்கு போன் செய்தேன். தப்புதான். ஆண்குரல் எடுத்தது. மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு கமர்ஜோபா என்று வணக்கம் சொன்னேன். மெதுவாக, மரியாதையாக, ககிமர்ஜோஸ் என்று பதில் வணக்கம் வந்தது. குழந்தை வின் அரிஸ், வின் அரிஸ் என்று கேட்டது, யார் என்று கேட்கிறது என்பது வரை எனக்குப் புரிந்தது. அவர் ஒரே சொல்லில் பெபியா என்றார். பக்கத்தைத் திருப்பித் தேடினேன். பாட்டி என்று போட்டிருந்தது. யாருடைய அழைப்பையும் நடுவில் துண்டிக்காதவள் நான், அன்று என் கையே துண்டித்துவிட்டது.

சாயங்காலம் அப்பா டிப்போவிலிருந்து வந்ததும், உங்கள் பெண் வீட்டில் ஒரு குழந்தை இருக்கிறது என்றேன். அதற்கு அவர், "அந்தப் பாப்பா உன்கிட்ட பேசினாளா?" என்றார். ஆணா பெண்ணா என்று நான் சொல்லவே இல்லை. பிடித்துக்கொண்டேன். பஸ் நேரம் குறிக்கிற அந்த மேஜை விலாசத்துக்கு நீ ஒரு வருஷமாகக் கடிதம் போட்டிருக்கிறாய், மனுஷன் ஒன்றும் தெரியாத மாதிரி என் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். "நீ விசாரிக்கிற விசாரணையில அவங்க ஓடிடுவாங்கன்னு அவளுக்கு பயம்" என்றார். உன் அண்ணனுக்குப் பார்த்த இடத்தில் மூன்று பேரை விட்டு நான் விசாரித்ததில் அவர்கள் சம்பந்தமே வேண்டாம் என்று போனது உண்மைதான், அண்ணன் ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசாததும் உண்மைதான். இரண்டு நாள் நான் சமையலறைப் பக்கம் போகவில்லை. மூன்றாம் நாள் அவரே உன் கடிதங்களைக் கொண்டுவந்து வைத்தார். பெற்றவள் குழந்தைக்கு ஒரு வயதில் நோயில் போய்விட்டாள் என்று படித்தேன். நம்பலாம் போலத்தான் இருக்கிறது. இருந்தாலும் எனக்கென்று நீ தனியாக எழுது. அவர் கோபம் வந்தால் என்ன செய்வார், வேலையில் நிலைப்பாரா, உன் சம்மதத்தோடுதான் அந்தக் குழந்தை உன்னை அப்படிக் கூப்பிடுகிறதா, எல்லாம் எழுது. அந்த மனிதர் தயங்காமல் பெபியா என்று சொன்னாரே, அது ஒன்றுதான் எனக்கு இன்னும் சந்தேகம் வராத விஷயம்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள், என் ஆசி உண்டு, உனக்கு மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொண்டு. மறக்காமல் ஒன்று செய். இந்தப் புத்தகத்தில் ஸ்டேஷன் எங்கே, ஆப்பிள் என்ன விலை, மழை வருமா எல்லாம் இருக்கிறது. ஒரு குழந்தையிடம் சாப்பிட்டியா என்று எப்படிக் கேட்பது என்பது இல்லை. அதைத் தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. அவரைக் கேட்காதே, நீயே எழுது, உனக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் தீராத
உன் அம்மா