அண்ணியின் கண்ணில் நின்ற மை

என் பிரியமான அண்ணி,

நீங்கள் இல்லாமல் இது இரண்டாவது கோடை. ஸ்ரீரங்கத்தில் காலை எட்டு மணிக்கே பஸ் கம்பியைத் தொட முடியவில்லை. அண்ணன் நன்றாக இருக்கிறார். சமைக்கக் கற்றுக்கொண்டார், ரசத்தில் மட்டும் இன்னும் உப்பு தூக்கல்.

நாம் இரண்டு பேரும் ஆறு வருஷம் பேசாமல் இருந்தோம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், "மூஞ்சிக்குச் சாயம் பூசற வேலைதான் பார்க்குறா" என்றீர்கள். தில்லை நகர் பார்லரில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. அந்தச் சம்பந்தம் கூடி வரவில்லை. நீங்கள் சொன்னதால்தானா என்று தெரியாது. ஆனால் கோபத்தை உங்கள் மேல்தான் வைத்தேன்.

பிறகு உங்களுக்குப் புற்றுநோய் வந்தது. தலைமுடியோடு புருவமும் இமை முடியும் உதிர்ந்தன. சிகிச்சைக்கு நடுவிலேயே பேங்க் கவுண்டர் வேலைக்குத் திரும்பினீர்கள். முதல் நாள் வழக்கம்போல வீட்டு மையைத் தீட்டிக்கொண்டு போனீர்கள். தடுக்கப் புருவம் இல்லாததால் நெற்றி வியர்வை நேராகக் கண்ணில் இறங்கி, மை கன்னமெல்லாம் வழிந்திருக்கிறது. பாஸ்புக்கோடு வந்த ஒரு பெரியவர், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டாராம்.

அன்று சாயங்காலம் பார்லர் வாசலில் வந்து நின்றீர்கள். உள்ளே கூப்பிடவே எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நீங்கள் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"நான் அழலை செல்வி. ஆனா அழுத மாதிரி தெரியுது. அது எனக்கு வேணாம்."

மறுநாளிலிருந்து தினமும் ஏழரைக்கு உங்கள் வீட்டுக்கு வந்தேன். டாக்டரைக் கேட்டு, உங்களுக்கென்றே புதுக் கண்மைப் பென்சில் வாங்கினேன். எண்ணெய் கலந்த வீட்டு மைதான் முதலில் உருகும் என்று அதை நிறுத்தினேன். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி இமையில் ஒற்றி, ஈரம் போனதும் தொட்டும் தொடாமலும் பவுடர், மேல் இமையில் மட்டும் மெல்லிய கோடு, அதன் மேல் கறுப்புப் பவுடர் ஒரு பூச்சு. கீழே ஒன்றும் கிடையாது. வேர்த்தால் துடைக்காமல் கைக்குட்டையால் ஒற்றி எடுக்கச் சொல்வேன். "சரிங்க டீச்சர்" என்பீர்கள்.

மூன்றாம் நாள் கோடு சாயங்காலம் வரை நின்றது. வீட்டுக்குப் போகாமல் நேராக பார்லருக்கு வந்து காட்டினீர்கள்.

வைகாசியில் ஒரு காலை, பாதிக் கோடு போட்டிருக்கும்போது நிஜமாகவே அழுதீர்கள். மருந்து கேட்கவில்லை என்று டாக்டர் சொன்னதை அப்போதுதான் சொன்னீர்கள். நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அழுது முடித்ததும் முகத்தை நிமிர்த்தினீர்கள்.

"மறுபடி போடு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

போட்டேன். அந்தப் பழைய வார்த்தையைப் பற்றி அன்றைக்கு நான் கேட்டிருக்கலாம். நீங்களாவது எடுத்திருக்கலாம். ஏன் இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை அண்ணி? ஐப்பசி பிறந்தபோது நீங்கள் இல்லை.

போன வாரம் வையம்பட்டியிலிருந்து ஒரு அம்மா பார்லருக்கு வந்தார். தலையில் துணி கட்டியிருந்தார், புருவம் இல்லை. வைகாசியில் மகளுக்குக் கல்யாணமாம். "என்னைப் பார்த்துப் பாவப்படாம, எல்லாரும் பொண்ணைப் பார்க்கணும்மா" என்றார்.

மண்டபத்தில் ஃபேன் மட்டும்தானாம். முகூர்த்தத்துக்கு வெகு முன்னாலேயே போய்விடுவேன் அண்ணி. தாலி ஏறும்போது அவர் அழுவார், அழட்டும். கடைசிப் பந்தி எழுந்திருக்கும் வரை பக்கத்திலேயே இருந்து, எத்தனை தடவை கலைந்தாலும் சரிசெய்து விடுவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உங்கள் நாத்தனார்,
செல்வி