மணையில் சம்மணம்

சங்கரன்கோவில்,
3-5-1951

அன்புள்ள அத்தானுக்கு ஆவுடை வணங்கி எழுதுவது.

நான் சுகம். இருமல் மருந்தை விடாமல் குடித்தால் நீங்களும் சுகமாகத்தான் இருப்பீர்கள்.

வருகிற ஆவணி நாலாம் தேதி உங்கள் நட்சத்திரம். அன்றோடு அறுபது நிறைகிறது. கோவிலில் வைத்து அறுபதாம் கல்யாணத்தை நடத்திவிடலாம் என்று புரோகிதர் நாள் குறித்துவிட்டார். ராயகிரியிலிருந்து நம் மகள் பார்வதி வந்து, "முத கல்யாணத்தத்தான் எங்களுக்குச் சொல்லாம முடிச்சிட்டீய, இதையாவது பாத்துக்கிடுதேன்" என்று குதிக்கிறாள். கொழும்புக் கடையைப் பதினைந்து நாள் மஜீது அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. டிரில் மாஸ்டர் சம்சாரம் கோமதியம்மாள் வீட்டுப் புழக்கடையில் ஐம்பது தாண்டிய நாங்கள் எட்டுப் பேர் காலையில் யோகாசனம் பழகுகிறோம். அடுத்த தெரு மெஹர்பானுவும் வருகிறாள். நேற்று சவாசனத்தில் யாரோ குறட்டை விட்டார்கள். நான் இல்லை என்று சாதித்துவிட்டேன்.

ஆவுடை

கொழும்பு,
20-5-1951

ஆவுடைக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. அறுபதாம் கல்யாணம் எல்லாம் வீண் ஆடம்பரம். இங்கிருந்து ஊருக்கு வரப் பர்மிட் கிடைப்பதும் சிரமமாக இருக்கிறது. அன்றைக்கு என் பேருக்கு ஓர் அர்ச்சனை செய்துவிட்டால் போதும். ஊருக்கு வருவதைத் தையில் பார்க்கலாம்.

இந்த வயதில் ஆசனம் போட்டு எலும்பை உடைத்துக்கொள்ளாதே.

சுயம்புலிங்கம்

சங்கரன்கோவில்,
4-6-1951

அத்தானுக்கு,

பர்மிட் கிடைக்கவில்லையா? உங்கள் கடைக்கு எதிர்க்கடை ஆறுமுகச்சாமி போன வாரம்தான் பர்மிட்டோடு வந்து இறங்கினார். கேட்ட மூன்றாம் நாளே கொடுத்துவிட்டார்களாம்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம். நீங்கள் இந்த வீட்டில் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தால் ஆறு வருஷம்கூடத் தேறாது. அதை நான் ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை. வாய் திறந்து கேட்டது இது ஒன்றுதான். இந்தக் கழுத்தில் இன்னொரு தரம் தாலி கட்ட மனசில்லை என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். பார்வதியிடம் நான் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

ஆவுடை

கொழும்பு,
18-6-1951

என் ஆவுடைக்கு,

மனசு இல்லாமல் இல்லை. முட்டிதான் இல்லை.

போன தை மாதம் இங்கே செட்டியார் தெருவில் ஒரு விருந்து. பந்தியில் உட்கார்ந்துவிட்டேன், எழ முடியவில்லை. நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள். பாயசம் பரிமாறியவன் சிரித்த சிரிப்பில் பாதிப் பாயசம் என் சட்டையில். அன்று முதல் ஸ்டூலில்தான் சாப்பாடு. மணையில் இரண்டு மணி நேரம் சம்மணம் போட வேண்டும் என்று உன் கடிதத்தைப் பார்த்ததுமே வேர்த்துவிட்டது. ஊர் கூடி நிற்க மாப்பிள்ளையை நாலு பேர் தூக்கினால், பக்கத்தில் நிற்கும் உனக்கல்லவா வெட்கம்? அதனால்தான் பொய் எழுதினேன். கோபப்படாதே.

சுயம்புலிங்கம்

சங்கரன்கோவில்,
30-6-1951

அன்புள்ள அத்தானுக்கு,

முதலில் சிரித்தேன், பிறகு அழுதேன். இதற்கா என்னை ஒரு மாதம் சோறு இறங்காமல் தவிக்க விட்டீர்கள்?

நான் மட்டும் ஒழுங்கா? போன கார்த்திகையில் கோலம் போட உட்கார்ந்தவள் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தேன். அம்மியில் அரைத்ததெல்லாம் வேலைக்காரி இசக்கித்தாய்தான். உங்களுக்கு எழுதினேனா? அறுபதாம் கல்யாணத்தில் விழுந்து கும்பிட்டு எழ வேண்டுமே என்ற பயத்தில்தான் வகுப்பிலேயே சேர்ந்தேன். இப்போது அம்மி என் வசம். படுத்ததும் தூக்கம் வருகிறது. தைலக் குப்பியைத் தொட்டு ஒரு மாதமாகிறது.

கோமதியம்மாளிடம் கேட்டேன். முதல் வாரம் சம்மணமே கூடாதாம். சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டி, பாதத்தை மட்டும் அசைக்க வேண்டும். பிறகு சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, மூச்சை விடும்போது ஒவ்வொரு காலாக மடக்க வேண்டும். வலித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். "வீரம் காட்டுத ஆம்பளையாளுக்குத்தான் சுளுக்கு விழும்னு அண்ணாச்சிக்கு எழுதுங்க" என்றாள்.

நம் ஊர்க் கோவில் கோமதியம்மை ஒற்றைக் காலில் நின்று தபசு பண்ணினாள். நீங்கள் இரண்டு காலையும் மடக்கினால் போதும்.

ஆவுடை

கொழும்பு,
26-7-1951

ஆவுடைக்கு,

கடையின் பின்னறையில் தினமும் நடக்கிறது. முதல் வாரம் மஜீது வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு உள்ளே வந்து மண்டியிட்டு, குதிகால் மேல் சுகமாக உட்கார்ந்துகொண்டான். அவனுக்கும் என் வயதுதான். "நான் தெனமும் அஞ்சு நேரம் தொழுகையில இப்படி உக்காருதேன். அதான் முட்டி நம்ம சொல்லு கேக்கு. நீரு முப்பது வருசமா கடை ஸ்டூலுக்குல்லா பழக்கிட்டீரு" என்றான். இப்போது இரண்டு பேருமாகப் பழகுகிறோம்.

மடித்துப் போட்டு உட்காரும் சாக்கு இரண்டிலிருந்து ஒன்றாகிவிட்டது. அரை மணி நேரம் தாங்குகிறேன். மூச்சுப் பயிற்சியில் இருமல்கூடக் குறைந்துவிட்டது. மருந்தால் என்று நினைக்காதே, அதை நான் குடித்ததே இல்லை.

மீதி ஒன்றரை மணி நேரத்துக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் பர்மிட் வாங்கிவிட்டேன். வருகிறேன்.

சுயம்புலிங்கம்

கொழும்பு,
20-9-1951

என் ஆவுடைக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன் எதிரில் சொல்ல வராததை எழுதுகிறேன்.

மணையில் முதல் ஒரு மணி நேரம் ராஜா மாதிரி இருந்தேன். தாலி கட்டும்போது இடது கால் மரத்துவிட்டது. "எழுந்து சாமியைக் கும்பிடுங்க" என்று புரோகிதர் சொன்னதும் எனக்குக் கண் இருட்டியது. அப்போது நீ என் பக்கம் கையை நீட்டி, எல்லாருக்கும் கேட்கும்படி, "கால் மரத்துட்டு அத்தான், கொஞ்சம் தூக்கிவிடுங்க" என்றாய். கையைப் பிடித்தேன். நீ எழுந்த வேகத்தில் நானும் எழுந்து நின்றேன். மாப்பிள்ளைக்கு இந்த வயதில் என்ன தெம்பு என்று கூட்டமே பேசிக்கொண்டது. பார்வதிக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று விடியற்காலையில் புழக்கடையில் நீ ஒற்றைக் காலில் அசையாமல் நின்றதைக் கதவிடுக்கு வழியாக நான் பார்த்தேன். உனக்காவது, கால் மரப்பதாவது.

ஐப்பசியில் கடையை மஜீதிடம் ஒப்படைத்துவிட்டு வருகிறேன். இனித் திரும்புவதாக இல்லை. கோமதியம்மாள் வகுப்பில் ஆண்களைச் சேர்ப்பதில்லையாமே. பரவாயில்லை, நீ சொல்லிக்கொடு. கோரைப்பாய் மட்டும் இன்னொன்று வாங்கி வை.

இரண்டு தரம் உனக்குத் தாலி கட்டிய
சுயம்புலிங்கம்