கருவாட்டுக்குட்டி

அக்கா,

இன்று காலை யாழினியின் பள்ளிச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். காலர் ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. நேற்று விளையாட்டு வகுப்பாம். சட்டையும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் குரல் காதில் கேட்டது.

இரும்புலியூரில் நீங்கள் கீழ்வீடு, நாங்கள் மாடி. அவளுக்கு அப்போது இரண்டு வயது. ஓயாத இருமல், நெஞ்சில் கரகரவென்று சளி. பெரிய ஆள் மாதிரிச் சாப்பிடுவாள், எடை மட்டும் ஏறாது. வெளிக்குப் போனால் எண்ணெய் மிதக்கும், வீடே நாறும். இருமலுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு ஒரு டாக்டர் என்று அலைந்தோம். வீசிங் என்றார்கள். குழந்தைகளுக்கு வரும் காசநோய், பிரைமரி காம்ப்ளெக்ஸ் என்று மாதக்கணக்கில் மருந்து கொடுத்தார்கள். என் மாமியார் பாலை நிறுத்தச் சொன்னார். ஜி.எஸ்.டி. ரோட்டுத் தூசிதான் காரணம் என்று என் வீட்டுக்காரர் வேறு வீடு தேட ஆரம்பித்தார். பிள்ளை நம் கையில் தங்கமாட்டாளோ என்று ராத்திரியெல்லாம் அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

நீங்களோ படிக்கட்டிலேயே அவளை வாரித் தூக்கி முத்தமிட்டுவிட்டு, உதட்டைத் துடைத்துக்கொள்வீர்கள். "இன்னாம்மா, கருவாட்டுக்குட்டி பெத்து வச்சிக்கீற! வாயெல்லாம் உப்பு கரிக்குது!" அவள் ஒல்லியாக இருப்பதைத்தான் குத்திக் காட்டுகிறீர்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்காத அன்று, பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணையாக வந்ததும் நீங்கள்தான். ரத்தம் எடுத்த வலியில் அலறியவளை மடியில் போட்டு முத்தமிட்டீர்கள். "அய்ய, அழுதாலும் கருவாடுதான்!"

எழுதிக்கொண்டிருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "இப்ப என்ன சொன்னீங்க?"

"சும்மா வெளாட்டுக்கு டாக்டர். இவளுக்கு முத்தம் குட்த்தா எப்பவுமே உப்பு கரிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. வியர்வைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் உட்காரவைத்து விளக்கினார். பிறவியிலேயே வந்த கோளாறாம். உடம்புக்குள் ஊறும் சளி பசை மாதிரிக் கெட்டியாகி நுரையீரலையும் அடைக்கிறது, கணையத்தையும் அடைக்கிறது. "இருமல், வயிறு ரெண்டுக்கும் காரணம் ஒண்ணுதாம்மா. முழுசா குணமாகாது. ஆனா மருந்தைச் சரியா குடுத்து, தினமும் முதுகைத் தட்டிச் சளியை எடுத்துவிட்டா நல்லா வளருவா." வியர்வையோடு உப்பு நிறைய வெளியேறிவிடுவதும் இதே கோளாறால்தானாம், அதனால் உப்பு அதிகமாகக் கொடுக்கவும் சொன்னார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் நான் அழுதேன். "எத்தினி வருசம் இருப்பான்னு கணக்கு போட நாம யாரு? வூட்டுக்குப் போனதும் முதுக தட்டு" என்றீர்கள். தட்டவும் நீங்கள்தான் முதலில் பழகினீர்கள். உள்ளங்கையைக் குழித்துப் பொத்பொத்தென்று தட்டுவீர்கள், சளி இளகி வரும். தினமும் மோரில் உப்பை அள்ளிப் போட்டு மாடிக்கு அனுப்புவீர்கள்.

போன வருஷம் மாரடைப்பில் நீங்கள் போனபோது யாழினி உங்கள் வாசலை விட்டு நகரவே இல்லை. இப்போது ஒன்பதாம் வகுப்பு. சாப்பாட்டுக்கு முன் மாத்திரையைத் தானே எடுத்துக்கொள்கிறாள். முதுகு தட்ட மட்டும் நான் வேண்டும். என் கை குழிவது உங்கள் கை மாதிரியேதான்.

இன்று கிளம்பும்போது நெற்றியில் முத்தமிட்டேன். "இன்னும் கருவாடாத்தான் இருக்கேனாம்மா?" என்றாள்.

"ஆமாண்டி" என்றேன். உங்களைப் போல உதட்டைத் துடைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அக்கா.