உங்களுக்காக மாற்றிய முன் ஷொக்

இன்று கரண்ட் இல்லை. விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது கையில் பட்டுவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் மணம் போகவில்லை. குசினிக்குள் நின்றபடியே அழுதேன். நீங்கள் போனபின் நான் மற்றவர்கள் முன்னால் அழுவதில்லை. இந்த மணத்துக்கு மட்டும் என்னால் ஈடுகொடுக்க முடிவதில்லை.

முதுகெலும்பில் புற்று என்று தெரிந்த பிறகு, இந்தத் தீவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கிளினிக் போவதே உங்களுக்கு வதையாயிற்று. படகு ஆடுவதைத் தாங்கினீர்கள். வீட்டிலிருந்து இறங்குதுறைக்குப் போகும் அந்தக் கல்லுப் பாதையைத்தான் தாங்க முடியவில்லை. ஓட்டோவில் குலுக்கம் இன்னும் மோசம் என்று கலியாணம் கட்டிய புதிதில் வாங்கிய எங்கள் பழைய ஸ்கூட்டரிலேயே ஏற்றிப் போவேன். பள்ளத்தில் அடி தாங்கும் அதன் முன் ஷொக் எண்ணெய் ஒழுகிச் செத்துக் கிடந்தது. சின்னப் பள்ளம் என்றாலும் அடி நேரே உங்கள் முதுகில் விழும். உங்கள் நெற்றி என் தோளில் வந்து முட்டும். நோகுதோ என்று கேட்டால், "நீர் பாதையைப் பாத்து ஓடும்" என்பீர்கள். குரல் நடுங்கும்.

நெடுந்தீவில் அந்த மொடலுக்குச் சாமான் இல்லை. ஸ்கூட்டர் திருத்தும் கராச் வைத்திருக்கும் அன்ரன் அண்ணை பட்டணத்தில் தேடி அனுப்பிய முதல் ஷொக் கட்டையாக இருந்தது, திருப்பி அனுப்பினோம். சரியானது படகில் வந்து சேர்ந்தபோது, அவர் செத்தவீடொன்றுக்கென்று மன்னாரில் நின்றார். மறுநாள் உங்களுக்குக் கிளினிக். நானே பூட்டுகிறேன் என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. முற்றத்தில் கதிரை போடச் சொன்னீர்கள்.

ஸ்கூட்டரின் முன்பக்கத்தைக் கல்லில் முண்டு கொடுத்துச் சில்லைக் கழற்றினேன். ஷொக்கின் கீழ் போல்ற் வந்துவிட்டது. மேல் போல்ற் உப்புக்காற்றில் துருவேறி இறுகியிருந்தது. ஸ்பனர் வழுக்கி என் விரல் கிழிந்தது. உடைத்தாவது எடுக்கவேண்டும் என்று சுத்தியலைத் தூக்கினேன். எனக்கு அந்த நேரம் வெறி பிடித்தமாதிரி இருந்தது.

"அடியாதேயும். மண்ணெண்ணெய் ஊத்தி ஊற விடும். அது கழண்டு வரும்" என்றீர்கள்.

"வராட்டி என்ன செய்யிறது? நாளைக்கு உங்களை எப்பிடிக் கொண்டுபோறது?"

"வரும். நீர் இதிலை வந்து இரும்."

மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு உங்கள் காலடியில் இருந்தேன். மண்ணெண்ணெய் மணத்த என் விரலில் நீங்கள் சீலைத்துண்டு சுற்றினீர்கள். பிறகு போல்ற் அசைந்தது. புது ஷொக்கை வைத்து நான் என் பாரம் முழுவதையும் ஹாண்டிலில் போட்டு அமத்த, நீங்கள் கதிரையிலிருந்து குனிந்து போல்ற்றைத் துளைக்குள் தள்ளினீர்கள். அந்தக் குனிவு உங்களை எவ்வளவு வருத்தியது என்று உங்கள் முகத்தில் கண்டேன். நட்டை நான் இறுக்கி முடித்தேன்.

மறுநாள் விடிய, முதல் பள்ளத்தில் நான் மூச்சை அடக்கினேன். ஸ்கூட்டர் மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. "ஒண்டும் தெரியேல்லையப்பா" என்று பின்னாலிருந்து சொன்னீர்கள். அவ்வளவு நாளுக்குப் பிறகு உங்கள் குரலில் நோவு இருக்கவில்லை.

இறங்குதுறையில் காற்று ஆளைத் தள்ளியது. படகு ஓடாது என்றார்கள். நான் படகோட்டியிடம் கெஞ்சினேன்; போனால் ஒருவரும் திரும்பி வரமாட்டோம் அக்கா என்று அவரும் கெஞ்சுவதுபோலவே சொன்னார். நான் நிலத்தில் இருந்துவிட்டேன். நீங்கள்தான் என்னை எழுப்பினீர்கள். "வெளிக்கிட்டது வெளிக்கிட்டாச்சு. நோகாமல் இருக்கு. ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வீட்டை போவம்."

போனோம். மேற்குக் கரைவரை போனோம். நீங்கள் கடலைப் பார்த்தீர்கள், நான் பாதையைப் பார்த்தேன். அதன்பிறகும் காற்று நிற்கவில்லை; இங்குள்ள ஆஸ்பத்திரியில் நோவுக்கு ஊசி போட்டார்கள். அவர்களால் முடிந்தது அதுதான். கடல் அடங்கும்வரை நீங்கள் உயிரோடு இருக்கவில்லை.

போன கிழமை பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா, ஒப்பரேசன் செய்த வயிற்றோடு, தன்னைப் படகடிக்குக் கொண்டுபோய் விடுவேனோ என்று கேட்டா. ஏலாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஏற்றிப் போனேன். இறங்கும்போது, ஒரு இடத்திலும் நோகவில்லை என்று என் கையைப் பிடித்துச் சொன்னா. நல்லது அக்கா என்றேன்.

படகு புறப்பட்டது. கடல் குளம்போலக் கிடந்தது. படகு கண்ணுக்கு மறையும்வரை கரையில் நின்று, உங்களுக்கு ஒரேயொரு நாள் இப்படிக் கிடந்திருக்கக் கூடாதா என்று அந்தக் கடலைக் கேட்டேன். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.